16 வயசு வேகப்பந்து பையனுக்குத் தீராத குறுக்கு வலி: எக்ஸ்ரே நார்மல்னா விட்டுடலாமா?

தாரமங்கலம்_அப்பா
வணக்கம்ங்க. விளையாட்டுப் பசங்களைப் பெத்தவங்க, கோச்சுங்க, டாக்டருங்க யாராவது பார்த்தா சொல்லுங்க.

பையன் பிளஸ் ஒன், வயசு 16. வலது கை வேகப்பந்து. ஸ்கூல் டீம் ஒண்ணு, அகாடமி ஒண்ணு, ஞாயித்துக்கிழமையானா ஊர் டீம்ல டென்னிஸ் பந்து. போன வருசம் திடுதிப்புனு வளர்ந்துட்டான். தீபாவளிக்கு எடுத்த பேன்ட் பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேல நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் குறுக்கு வலி. முதல்ல மேட்ச் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா மட்டும் சொல்வான். இப்ப ரெண்டாவது ஓவர்லயே முகம் மாறுது. நடக்க, உட்கார, டியூசன் போக ஒரு தொந்தரவும் இல்லை.

டவுன்ல காட்டினோம். எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு நல்லா இருக்கு, தசைப் பிடிப்புதான்னு மாத்திரையும் தைலமும் எழுதினாங்க. மாத்திரை போட்டா வலி இல்லை, நிறுத்தினா மறுபடி வருது. பி.டி. சார், "முதுகுல வலு பத்தலை, ஏற்காடு அடிவாரத்துல இருந்து ஓடி ஏறச் சொல்லுங்க"ங்கிறார். எங்கம்மா குறுக்கை மிதிச்சு வைத்தியம் பண்றவங்ககிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுது. மாவட்ட செலக்சன் வேற பக்கத்துல வருது. எதைக் கேக்கறதுன்னே தெரியலைங்க.

ஆத்தூர்_வாலிபால்
அண்ணே, ஆடுற பசங்களுக்கு வலி இல்லாம இருக்குமா? ஒரு வாரம் ரெஸ்ட், வென்னீர் ஒத்தடம், திரும்ப இறக்கி விடுங்க. எக்ஸ்ரே நார்மல்னுட்டாங்கல்ல. நம்ம நடராஜன் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பந்துல போட்டுப் போட்டுத்தானே இந்தியா டீமுக்குப் போனாரு? அப்ப யாரு ஸ்கேன் எடுத்தாங்க?

அம்மாபேட்டை_தறி
எங்க தெருவுல தறிக்குழியில உட்கார்ந்து உட்கார்ந்து குறுக்கு பிடிச்சுக்கிட்டவங்க பாதிப் பேர் கால் முன்னால பொறந்தவங்ககிட்ட மிதி வாங்கித்தான் எந்திரிச்சு நடந்தாங்க. விடிகாலையில வெறும் வயித்துல மூணு நாள். காசும் வாங்க மாட்டாங்க. ஒருதரம் பார்த்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி.

அஸ்தம்பட்டி_பிசியோ
தாரமங்கலம் அண்ணா, மிதிக்கிற பேச்சுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல சில கேள்வி.

வலி எங்கன்னு கேட்டா முழுக் கையால தடவிக் காட்டறானா, ஒத்தை விரலை வச்சுக் காட்டறானா? நடுவுலயா, ஒரு பக்கமா? முன்னால குனிஞ்சா வலியா, பின்னால வளைஞ்சா வலியா? ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதா? காய்ச்சல், எடை குறையறது, கால் மரத்துப் போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல மாத்தம் ஏதாவது உண்டா? காலையில எந்திரிச்சா அரை மணி நேரத்துக்கு மேல முதுகு விறைப்பா இருக்கா?

பதில் வர்ற வரைக்கும் பந்து போட வேண்டாம். பேட்டிங்கும் வேண்டாம். வீட்டுல படுத்துக் கிடக்கவும் வேண்டாம், நடமாட்டும்.

தாரமங்கலம்_அப்பா
ஒத்தை விரல்தான் மேடம். பெல்ட் போடற இடம், இடது பக்கம், கரெக்டா அதே புள்ளி. குனிஞ்சா ஒண்ணும் இல்லை. பின்னால வளையச் சொன்னேன், பல்லைக் கடிக்கிறான். ராத்திரி நல்லாத் தூங்கறான். நீங்க கேட்ட மத்தது எதுவும் இல்லை.

அஸ்தம்பட்டி_பிசியோ
வலது கை பவுலர், இடது பக்கம், ஒத்தை விரலால காட்டற வலி, பின்னால வளைஞ்சா கூடுது, சமீபத்துல மடமடன்னு வளர்ந்த பையன். நேர்ல பார்க்காம நான் பேர் வைக்கக் கூடாது. ஆனா இது தசைப் பிடிப்புன்னு நம்பி ஆட வைக்கிற கேஸ் இல்லைங்க. எலும்பு டாக்டர் அண்ணா இழையில இருந்தா வாங்க.

ஐந்துரோடு_எலும்பு
வந்தாச்சு. இது கொஞ்சம் நீளும், பொறுத்துப் படிங்க.

இடுப்பு முதுகுல அஞ்சு முள்ளெலும்பு. ஒவ்வொண்ணுக்கும் பின்பக்கம், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்க்கிற ஒரு ஒடுக்கமான எலும்புப் பாலம் ரெண்டு பக்கமும் இருக்கு. பார்ஸ்னு சொல்லுவோம். பின்னால வளைஞ்சு, கூடவே பக்கவாட்டுல சாஞ்சு திரும்பும்போது மொத்த அழுத்தமும் அந்த ஒடுக்கத்துலதான் விழும். வேகப்பந்து போடற பையன் முன்காலை ஊன்றுற நொடியில தரையில இருந்து திரும்பி வர்ற விசை உடல் எடையைப்போல பல மடங்கு. வலது கைக்காரன் அந்த நேரம் இடது பக்கம் சாயறான். அதனாலதான் பந்து போடற கைக்கு எதிர்ப்பக்கம் வலி வருது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில வெள்ளிக் கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கி நிமிர்த்தினா என்ன ஆகும்? ஒரு மடக்குல ஒண்ணும் ஆகாது. எலும்புக்கும் அப்படித்தான், ஆனா எலும்புக்கு ஒரு வசதி உண்டு. இடைவெளி குடுத்தா தன்னைத்தானே செப்பனிட்டுக்கும். பசங்களுக்கு நாம குடுக்காதது அந்த இடைவெளியைத்தான்.

முதல்ல எலும்புக்குள்ள நீர் கோக்கும். அப்புறம் மயிரிழைக் கீறல். அதுக்கும் ஆடினா முழுசாப் பிளக்கும். இதுக்கு ஸ்பாண்டிலோலைசிஸ்னு பேர். பெரும்பாலும் கடைசி முள்ளெலும்பு, எல்5. பவுலர்களுக்கு எல்4-லயும் பார்க்கிறோம். ரெண்டு பக்கமும் பிளந்துட்டா மேல் எலும்பு முன்னால நழுவ வாய்ப்பு உண்டு, அதுவும் வளர்ற வயசுல.

1995ல பாஸ்டன்ல ஒரு விளையாட்டு மருத்துவ கிளினிக்குக்கு முதுகு வலியோட வந்த 100 வளரிளம் பசங்களையும் 100 பெரியவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இந்தக் கீறல் பசங்கள்ல 47 பேருக்கு, பெரியவங்கள்ல 5 பேருக்கு. டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை, அதுல வர்ற தொந்தரவு அப்படியே தலைகீழ்: பெரியவங்க 48, பசங்க 11. சிறப்பு கிளினிக்குக்கு வந்த கூட்டம்ங்கறதால நம்ம ஊர்க் கணக்கு அதே அளவு இருக்கணும்னு இல்லை. ஆனா பெரியவங்க முதுகு வலிக்கு எழுதற சீட்டைப் பசங்களுக்கு எழுதக் கூடாதுங்கறதுக்கு இது போதும்.

ஆத்தூர் தம்பிக்கு: எக்ஸ்ரே நார்மல்ங்கறது இங்க ஒண்ணுத்துக்கும் உத்தரவாதம் இல்லை. ஆரம்ப நிலை எக்ஸ்ரேல தெரியவே தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்.

ஆத்தூர்_வாலிபால்
சரிங்க டாக்டர். ஆனா எல்லாப் பசங்களுக்கும் எம்.ஆர்.ஐ.ன்னா எவன் வீட்டுல காசு இருக்கு?

ஐந்துரோடு_எலும்பு
எல்லாருக்கும் வேண்டாம். பந்து போடறது, ஸ்மாஷ் அடிக்கிறது, ஹை ஜம்ப், ஜிம்னாஸ்டிக்ஸ், பளு தூக்கறதுன்னு முதுகைப் பின்னால வளைக்கிற ஆட்டக்காரப் பையன், மூணு வாரத்துக்கு மேல வலி, ஓய்வுல குறைஞ்சு ஆடினா திரும்புதுன்னா எடுக்கணும். ஜி.எச்.ல எழுதி வாங்கினா வெளிச் செலவுல ஒரு பங்குதான் ஆகும், தேதிக்குக் காத்திருக்கணும். காத்திருக்கிற காலத்துல பந்து போடாம இருந்தா வைத்தியம் அன்னைக்கே ஆரம்பிச்ச மாதிரிதான்.

இன்னொண்ணு. சும்மா 'இடுப்பு முதுகு எம்.ஆர்.ஐ.'ன்னு சீட்டு வாங்காதீங்க. டிஸ்க்குக்கு எடுக்கிற வழக்கமான படத்துல பார்ஸ் நீர்க்கோப்பு நழுவிடும். 'பார்ஸ் அழுத்த முறிவு சந்தேகம், கொழுப்பை மறைச்ச படங்களும் மெல்லிய வெட்டுகளும் தேவை'ன்னு சீட்டுலயே எழுதி வாங்குங்க. படம் எடுக்கிறவங்ககிட்ட 'பையன் வேகப்பந்து, வலது கை, இடது பக்கம் வலி'ன்னு வாயாலயும் சொல்லுங்க. சி.டி. எலும்பை இன்னும் துல்லியமாக் காட்டும், ஆனா வளர்ற பையன் இடுப்புக்குக் கதிர்வீச்சு. அவசியப்பட்டா மட்டும். ரிப்போர்ட்ல 'டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு'ன்னு ஒரு வரி வரலாம். வலியே இல்லாத பசங்களுக்கும் வர்ற வரி அது. அதைப் பார்த்துப் பயந்து வேற டாக்டர், வேற டாக்டர்னு அலைய வேண்டாம்.

மிதிக்கிற விசயம். அம்மாபேட்டை ஐயா, உங்க தெருவுல நல்லானவங்களை நான் மறுக்கலை. தறியில உட்கார்ந்து வர்ற தசைப் பிடிப்பு பாதி தானாவே ஆறும், மிதிச்ச பிறகு ஆறினா மிதிக்குப் பேர் வரும். ஆனா கீறல் விட்ட எலும்பு மேல, குப்புறப் படுக்க வச்சு, இன்னொரு ஆள் எடையை இறக்கினா முதுகு எந்தப் பக்கம் வளையும்? எந்தப் பக்கம் வளையக் கூடாதுன்னு சொல்றோமோ அந்தப் பக்கம்.

அம்மாபேட்டை_தறி
புள்ளைக்கு வேண்டாம்னா வேண்டாம் டாக்டரே. எண்ணெய் தேய்ச்சு விடலாமா?

ஐந்துரோடு_எலும்பு
தாராளமாத் தேய்ங்க, அழுத்தாம. எலும்புக்கு ஒண்ணும் ஆகாது, புள்ளைக்குச் சொகமா இருக்கும்.

ஏற்காடு_மலைஓட்டம்
மேல ஒரு பள்ளியில உடற்கல்வி ஆசிரியர். தாரமங்கலம் சார், உங்க பி.டி. சார் சொன்ன ஓட்டத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஏறறது நல்ல பயிற்சிதான், வலி இல்லாத பையனுக்கு. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துல ஊர். ஏறும்போது உடம்பு முன்னால சாயும், முதுகுக்குப் பெருசா அடி இல்லை. இறங்கறதுலதான் வம்பு. சரிவுல ஒவ்வொரு அடியும் பிரேக். உடம்பைப் பின்னால சாய்ச்சு, குதிகாலை ஊன்றி, இடுப்பை வளைச்சு இறங்குவாங்க. நான் எங்க பசங்களை ஏற விட்டு, இறங்க பஸ்ஸுல அனுப்பறேன். சுற்றுலாக்காரங்க ஹாரன் அடிச்சே கொல்ற ரோட்டுல கும்பலா ஓடி இறங்கறது வேற விதத்துலயும் ஆபத்து, அது தனி இழைக்கான சமாச்சாரம்.

பெண் பிள்ளைகளைப் பத்தி யாருமே பேசலை. போன வருசம் எங்ககிட்ட தூர ஓட்டக்காரப் பொண்ணு ஒண்ணு. குறுக்கு வலின்னுதான் சொல்லுச்சு. தொட்டுக் காட்டச் சொன்னா பிட்டத்துக்கு மேல, உள்ளுக்குள்ள. ஸ்கேன்ல கீறல் திரிகத்துல, இடுப்புக்குக் கீழ இருக்கிற எலும்புல. டாக்டரம்மா முதல்ல கேட்ட கேள்வி, மாதவிடாய் ஒழுங்கா வருதான்னு. பல மாசமா வரலை. வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆம்பளை வாத்தியார் என்கிட்ட எப்படிச் சொல்லும்? காலையில டீ குடிச்சுட்டு ஓட வரும், மதியம் பாதிச் சோறு. ஓடற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாததால எலும்பு தேய்ஞ்சிருக்கு. அந்தப் புள்ளைக்கு வைத்தியமே சோறு, முட்டை, பால், ஓய்வு. இப்ப எங்க பள்ளியில பெண் ஆசிரியை ஒருத்தர் மாசாமாசம் இதைக் கேட்டு வச்சுக்கறாங்க.

அஸ்தம்பட்டி_பிசியோ
ஏற்காடு சார், ரொம்ப அவசியமான விசயம். பசங்களுக்கும் இது பொருந்தும். எடையைக் குறைக்கச் சொல்லிப் பட்டினி போடற கபடி டீம் எத்தனை இருக்கு நம்ம மாவட்டத்துல.

வாழப்பாடி_சுழல்
நானும் அந்த வயசுல வேகப்பந்துதான். இப்ப சுழல், பேரைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ரெண்டு பக்கமும் பிளந்துடுச்சு. அப்போ இருந்த கோச் ஃபைனல் அன்னைக்கு வலிக்கு ஊசி போட்டு இறக்கினார். இப்ப வலி இல்லை, சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேசன் கிரவுண்ட்ல டி.என்.பி.எல். நடந்தா கேலரியில உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஆத்தூர் நண்பா, நடராஜன் உதாரணம் இங்க பொருந்தாது. அவர் 20 வயசு வாக்குலதான் சென்னையில லீக் ஆடப் போனார். 16 வயசுல மூணு டீமுக்குத் தோல் பந்தும் டென்னிஸ் பந்தும் மாத்தி மாத்திப் போடறவன் கதை வேற. முதுகுக்கு உதாரணம் வேணும்னா பும்ராவைப் பாரு. 2019ல அழுத்த முறிவு, 2022ல திரும்ப, 2023 மார்ச்சுல நியூசிலாந்துல ஆபரேசன், ஆகஸ்ட்லதான் அயர்லாந்துல வந்து இறங்கினார். உலகத்துலயே நல்ல பிசியோ பக்கத்துல இருக்கிற ஆளுக்கே இந்தக் கதி.

ஆத்தூர்_வாலிபால்
ஊசி கதை எங்க பக்கமும் நடக்கறதுதான். மறுக்கலை. ஆனா ஒண்ணு யோசிங்க. மாவட்ட டீம்ல ஏறினாத்தான் மேல போய் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கேக்க முடியும். அரசு வேலையிலயும் 3 சதவீதம். இந்தப் பையன் ஒரு செலக்சன் விட்டா அந்த இடத்துல இன்னொருத்தன் உட்கார்ந்துடுவான். டாக்டருங்களுக்கு ரெஸ்ட்னு எழுதறது சுலபம்.

ஐந்துரோடு_எலும்பு
சுலபம் இல்லை தம்பி. எழுதிக் குடுத்த பிறகு அந்தப் பையன் மூஞ்சியைப் பார்க்கிறது நான்தான். கணக்கை மட்டும் பாரு: ஆரம்பத்துல பிடிச்சா ஒரு அரை சீசன் போகும். பிளந்த பிறகு வந்தா ஒரு வருசம் போகலாம், ஒட்டாமலே போகலாம். அடுத்த வருசமும் செலக்சன் வரும், அப்பவும் அவன் வேகப்பந்து போடறவனா இருக்கணும்.

தாரமங்கலம்_அப்பா
படம் எடுத்தாச்சுங்க. டாக்டர் சொன்ன மாதிரியே சீட்டுல எழுதி வாங்கினேன். 'எல்5 இடது பார்ஸில் எலும்பு நீர்க்கோப்பு, முறிவுக் கோடு தெரியவில்லை, வலது பக்கம் இயல்பு'ன்னு வந்திருக்கு. டிஸ்க் பத்தியும் அந்த ஒரு வரி இருக்கு, கண்டுக்கலை. இடுப்புக்கு பெல்ட் மாட்டணுமா? யோகா மாஸ்டர் ஒருத்தர் புஜங்காசனம் செஞ்சா முதுகு எலும்பு இறுகும்ங்கிறார்.

ஐந்துரோடு_எலும்பு
நல்ல நேரத்துல பிடிச்சிருக்கீங்க. கோடு விழறதுக்கு முந்தின நிலை, ஒரு பக்கம் மட்டும். இப்ப விளையாட்டை நிறுத்தினா எலும்பு முழுசாச் சேர நல்ல வாய்ப்பு. மூணு மாசம் வாக்குல ஆகும்.

பெல்ட் பத்தி டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. 2009ல அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. அறுவை இல்லாம பார்த்தவங்கள்ல நூத்துக்கு 80க்கு மேல நல்லானாங்க, பெல்ட் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் சொல்லிக்கிற வித்தியாசம் இல்லை. நான் எல்லாருக்கும் எழுதறதில்லை. ஓய்வுன்னு சொன்னா கேட்காம மாடியில பந்து போடற பையனுக்கு மட்டும் எழுதறேன். பெல்ட் கட்டியிருக்கிறவனை யாரும் ஆடக் கூப்பிட மாட்டாங்கல்ல.

வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். வலி இருக்கா இல்லையான்னு தெரியறதுதான் இப்ப நமக்கு மீட்டர். அறுவை பத்தி இப்ப யோசிக்கவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி_பிசியோ
யோகா மாஸ்டர் கோவிச்சுக்கக் கூடாது. புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம், சூரிய நமஸ்காரத்துல பின்னால வளையற கட்டம், எல்லாமே இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் வலிக்காரங்கள்ல சிலருக்கு உதவற வளைவுகள்தான், இவனுக்கு அதே வளைவுதான் வியாதி. ஸ்கூல்ல யோகா பீரியட் இருந்தா கடிதம் வாங்கிக் குடுங்க.

மூணு மாசமும் சும்மா உட்காரவும் கூடாது. வலி அடங்கின உடனே பிசியோவை ஆரம்பிச்ச பசங்க, ரொம்ப நாள் காத்திருந்து ஆரம்பிச்சவங்களைவிட முன்னாடியே கிரவுண்டுக்குத் திரும்பறாங்க. முதுகை நேரா வச்சு வயித்தை இறுக்கற பயிற்சிகள்: பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், மண்டி போட்டு எதிர் எதிர் கை காலை நீட்டறது. தொடையின் பின்தசையும் இடுப்பு முன்தசையும் வளர்ச்சிக் காலத்துல இறுகிப் போகும், எலும்பு நீளற வேகத்துக்குத் தசை நீளாது. அதைத் தளர்த்தணும். பிட்டத் தசைக்கு வலு. யூடியூப் பார்த்துச் செய்யாம ரெண்டு மூணு தடவையாவது நேர்ல ஒருத்தர் கை வச்சுத் திருத்தட்டும், ஏன்னா பிளாங்க்லயே குறுக்கை உள்ள விட்டுத் தொங்கவிடறவங்கதான் அதிகம். ஸ்கூல் பேக்கை ரெண்டு தோள்லயும் மாட்டட்டும்.

தாரமங்கலம்_அப்பா
திரும்பப் பந்து போடறது எப்போங்க? அவன் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

அஸ்தம்பட்டி_பிசியோ
தேதி குடுக்க மாட்டேன். படிகள் சொல்றேன். அன்றாட வேலையில வலி இல்லை, பின்னால வளைஞ்சா வலி இல்லை, டாக்டர் சரின்னுட்டார்னா முதல்ல மெது ஓட்டம். அப்புறம் வேக ஓட்டம், ஃபீல்டிங். அப்புறம் நின்ன இடத்துல இருந்து பந்து, அரை ஓட்டம், முழு ஓட்டம். ஒரு நாள் போட்டா மறுநாள் கிடையாது. பந்து எண்ணிக்கை வாராவாரம் கொஞ்சமா ஏறணும். எந்தப் படியில பழைய புள்ளியில வலி வந்தாலும் ஒரு படி கீழ.

ஆக்சனையும் ஒருத்தர் பார்க்கணும். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்னு முறுக்கிப் போடற கலப்பு ஆக்சன் இருந்தா, சேர்ந்த எலும்பு திரும்ப விடும். பக்கத்துல இருந்து மொபைல்ல வீடியோ எடுத்தாலே ஓரளவு தெரியும்.

இதைவிட முக்கியம் எண்ணிக்கை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல வருசம் வச்சிருந்த வழிகாட்டல் இது: 13 வயசுக்குள்ள ஒரே மூச்சுல 5 ஓவர், நாளைக்கு 10. 16, 17 வயசுல 7 ஓவர், நாளைக்கு 18. ஏழு நாள்ல நாலு நாளுக்கு மேல போடக் கூடாது, தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேலயும் கூடாது. வலைப்பயிற்சியும் பந்து போட்ட நாள்தான். உங்க பையன் விசயத்துல ஸ்கூல் சாருக்கு அவர் கணக்கு தெரியும், அகாடமிக்கு அவங்க கணக்கு தெரியும். மொத்தம் யாருக்குமே தெரியாது. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் குடுத்து அவனையே எழுதச் சொல்லுங்க.

ஆத்தூர்_வாலிபால்
மேடம், வாலிபால் ஸ்மாஷுக்கும் இப்படி எண்ணணுமா? எங்க அக்கா பையன் குறுக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றான்.

அஸ்தம்பட்டி_பிசியோ
இத்தனை நேரம் வாதாடிட்டு இப்ப சொல்றீங்களே! எண்ணுங்க, குதிக்கிறதையும் சேர்த்து. எத்தனை நாளா வலி, எந்த இடம், பின்னால வளைஞ்சா என்ன ஆகுதுன்னு தனி இழையா எழுதுங்க, பார்க்கிறோம்.

ஐந்துரோடு_எலும்பு
படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பிசியோம்மா ஆரம்பத்துல ராத்திரி வலியில இருந்து காலை விறைப்பு வரைக்கும் கேட்ட கேள்விகள்ல ஒண்ணுக்காவது ஆமாம்னு பதில் வந்தா இந்த இழை உங்களுக்கானது இல்லை. ராத்திரி வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவுன்னா நம்ம ஊர்ல முதுகெலும்புக் காசநோயை நினைக்கணும். காலை விறைப்புன்னா மூட்டுவாத டாக்டர். கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போறது, பிறப்புறுப்பைச் சுத்தி மரத்துப் போறதுன்னா அன்னைக்கே அவசரப் பிரிவு.

வாழப்பாடி_சுழல்
டென்னிஸ் பந்து கணக்குல சேருமா மேடம்? எங்க பக்கம் 'வெயிட்டே இல்லாத பந்து, அது எல்லாம் ஜுஜுபி'ம்பாங்க.

அஸ்தம்பட்டி_பிசியோ
சேரும். முதுகுல விழற அடி காலை ஊன்றுறதுல இருந்து வருது, பந்தோட எடையில இருந்து இல்லை. சொல்லப்போனா சிமெண்ட் தரையில, சாதாரண செருப்போட, உடம்பைச் சூடு பண்ணாம போடறது ஞாயித்துக்கிழமைதான்.

தாரமங்கலம்_அப்பா
ஸ்கூல்ல லெட்டர் குடுத்தாச்சு. பி.டி. சார் படத்தை வாங்கிப் பார்த்துட்டு, அவரே ஸ்கோர் எழுத வச்சுக்கறேன், டீமோட வரட்டும்னுட்டார். அகாடமியிலயும் சரின்னுட்டாங்க. ஊர் டீம் கேப்டன்தான் 'ஒரே ஒரு ஓவர்ண்ணே, ஜெயிச்சா ஒரு ஆடு பரிசு'ன்னு போன் மேல போன். அவங்கப்பா நம்பர் என்கிட்ட இருக்கு, நான் பேசிக்கறேன்.